இடது காதின் சாட்சி

பட்டாளத்தார் அன்று காலை இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டார். முதல் முறை வழக்கப்படி. இரண்டாம் முறை, மகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள் என்பதற்காக. பரிசோதிக்கப் போவது அவளுடைய காதை, இவருடைய தாடைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். பதக்கம் சம்பந்தப்பட்ட காரியம் என்றாலே மனிதர் அணிவகுப்புக்குப் போகிறவர் மாதிரி ஆகிவிடுவார்.

போன வாரம் இந்த வீட்டை விட்டு நாம் கிளம்பும்போது, தையல் மெஷின் சட்டென்று நின்றுபோயிருந்தது. அது ஏன் நின்றது என்பது மெஷினை மிதித்துக்கொண்டிருந்த டெய்லரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

தெருவுக்கு அவர் பட்டாளத்தார், அவர் மனைவி டெய்லரம்மா. ஒரே மகள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். ஊருக்கு அவள் டிக்கெட் அக்கா. வீட்டுக்கு, நாற்பது தாண்டிய பிறகும், பாப்பா. அவளுக்கு இடது காது கேட்காது. அதனால் டிக்கெட் அறையில் இடப்பக்கம் சுவர் இருக்கிற ஜன்னலைத்தான் கேட்டு வாங்கி உட்காருவாள். பேசுகிறவர்கள் எல்லாரும் வலப்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும்.

இந்தப் பதக்கக் கூத்து ஆரம்பித்தது ஒரு சாவு வீட்டில். பழைய சிநேகிதர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில், பட்டாளத்தார் நெஞ்சில் இரண்டு பதக்கங்களுடன் முன்வரிசையில் போய் நின்றார். வீரப் பதக்கம் ஒன்று, காயப் பதக்கம் ஒன்று. இரண்டும் கடையில் வாங்கியவை. ரிப்பனைக் கோட்டில் தைத்துக் கொடுத்தது டெய்லரம்மாவின் கைதான். மீசை சரியாக முளைக்காத ஓர் இளம் அதிகாரி பெயரைக் கேட்டான், பதிவைப் பார்த்தான். "ஐயா, உங்களுக்குப் பதக்கம் எதுவும் இல்லையே" என்றான். அத்தனை பேர் முன்னால் தன் கையாலேயே இரண்டையும் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான். மரியாதையாகத்தான் செய்தான். மரியாதையாகச் செய்யப்பட்டதுதான் அவரைக் கொன்றது.

அன்றிலிருந்து அவர் தெருமுனையைத் தாண்டவில்லை. அவருக்குப் பதிலாக மகள் அலைந்தாள், மனு மேல் மனு போட்டாள். கடைசியில் பதில் வந்தது. இரண்டு பதக்கங்களும் அப்போதே ஒப்புக்கொள்ளப்பட்டவைதான். ஆனால் அவர் விடுப்பு இல்லாமல் முகாமை விட்டுப் போனதால் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர் சொல்வதுபோல, அந்தச் சமயத்தில் கைக்குழந்தையாக இருந்த மகள் காய்ச்சலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது நிரூபணமானால் பதிவைத் திருத்தலாம். மருத்துவச் சான்று வேண்டும்.

அந்தக் காலத்து டாக்டர் எங்கே, அவர் ஆஸ்பத்திரி எங்கே? அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

அப்போதுதான் பட்டாளத்தார் அதைச் சொன்னார். "பாப்பாவோட காது இருக்கே. அந்தக் காய்ச்சல்லதானே போச்சு? அதைவிட என்ன சாட்சி வேணும்?"

மெஷின் நின்றது அப்போதுதான்.

"நானும் வர்றேன்" என்றாள் டெய்லரம்மா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை.

மகள் கைப்பையை மூடிக்கொண்டே திரும்பினாள். "நீ எதுக்கும்மா? ஸ்கூல் யூனிபார்ம் தைக்க வேண்டியது மலையாட்டம் கிடக்கு."

"கிடக்கட்டும்."

"ஒரு காதைப் பாக்க ரெண்டு பேரா?"

"வர்றேன்னா வர்றேன்டி."

பட்டாளத்தார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தார். வலது முன்னங்கையில் அந்தப் பழைய தீக்காயம் மெழுகு பூசியதுபோல மினுங்கியது. எரிகிற லாரிக்குள் அந்தக் கையை விட்டுத்தான் இரண்டு பேரை வெளியே இழுத்தார். அதில் பொய் ஒரு துளிகூட இல்லை. இந்தக் கதையில் எது பொய்யாக இருந்தாலும் அது உண்மை.

"அந்தக் காய்ச்சல்னு தெளிவா எழுதி வாங்கு" என்றார் மகளிடம். "சும்மா காது கேக்கலைன்னு எழுதினா பிரயோஜனமில்ல."

"சரிப்பா."

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. டெய்லரம்மாவும் அவரைப் பார்க்கவில்லை. நாற்பது வருஷமாக ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் இருவரும் மிக ஒற்றுமையான தம்பதி.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சந்தைக்கடை இரைச்சல். ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், ஒரு குழந்தை வீறிட்டது, டோக்கன் எண்ணைக் கத்துகிறவர் தொண்டை கிழியக் கத்தினார். நீளப் பெஞ்சில் இடம் கிடைத்ததும் டெய்லரம்மா யோசிக்காமல் மகளின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அந்த வீட்டுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பாப்பாவுக்குத் தெரிய வேண்டியதை வலப்பக்கம் சொல்வார்கள். தெரியக்கூடாததை இடப்பக்கம் சொல்வார்கள். மெஷின் ஓடும்போதோ, தெருவில் லாரி போகும்போதோ, அவளுக்கு இடப்பக்கமாக நின்று புருஷனும் பெண்டாட்டியும் வேண்டியதைப் பேசி முடித்துவிடுவார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய செய்தி இரண்டு முறை இடப்பக்கம்தான் பேசப்பட்டது. மூன்றாம் முறை யாரும் வராதபடி அவளே அந்தப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

டெய்லரம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, அது புருஷனுக்கே தெரியாது. விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வாள். உலகத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று சிரிப்பாள். அவள் கண்ணயர்ந்ததும் அம்மாக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் செத்த காதில் பேசுவாள். வாய்விட்டு, மெல்ல, எல்லாவற்றையும். பேசி முடித்து எழுந்தால் ஒரு வாரத்துக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கும்.

இப்போதும் பேசினாள். "உள்ள போகாதடி கண்ணு. எழுந்திரு, வீட்டுக்குப் போயிடலாம். உங்கப்பனுக்கு அந்தத் தகரம் இல்லாம போனா என்ன இப்ப?"

மகள் டோக்கனை வைத்து விசிறிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது டாக்டர் இளம்பெண். பேச்சில் அவசரமில்லை. கருவியைக் காதுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு பல் உள்ள ஓர் இரும்புக் கவையை எடுத்துத் தன் முழங்கையில் தட்டினார். அது ரீங்காரமிடும்போதே அதன் அடியை மகளின் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இடது பக்கம்... இடது பக்கம்தான் நல்லா கேக்குது. தப்பா சொல்றேனா டாக்டர்?"

"சரியாத்தான் சொல்றீங்க."

"அது செத்த காதாச்சே!"

"யார் சொன்னது?"

டெய்லரம்மா மனசுக்குள் பதில் சொன்னாள். யார் சொன்னதா? நான்தான் சொன்னேன். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொன்னேன். காய்ச்சலில் போன காது, எந்த வைத்தியம் பண்ணினாலும் வராது, காசுக்குப் பிடித்த கேடு என்று நான்தான் சொன்னேன்.

மகளைக் கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். டெய்லரம்மா வெளியே நின்று அந்தக் கை எழுவதையும் தாழ்வதையும் பார்த்தாள். மகளின் முகம் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். "காய்ச்சல்ல போற காது பொதுவா உள்நரம்போட போகும். உங்க நரம்பு நல்லா இருக்கு. சவ்வு ஒரு காலத்துல கிழிஞ்சு தானா ஆறியிருக்கு. உள்ள இருக்கிற குட்டி எலும்பு இடம் விலகியிருக்கு. சின்ன வயசுல பலமா அடிபட்டுச்சா? காதோட சேத்து யாராவது அறைஞ்சாங்களா?"

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"விழுந்திருப்பா" என்றாள் டெய்லரம்மா. "குழந்தைங்க விழாம இருக்குமா?"

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "அப்பவே கொண்டுவந்திருந்தா முழுசா சரியாகியிருக்கும்மா. இப்பக்கூட ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். ஆனா சான்றுல பழைய காயம்னுதான் எழுதுவேன். காய்ச்சல்னு எழுத முடியாது."

போவதற்கு முன் மகளின் இடது காதில் சின்னதாக ஒரு கருவியை மாட்டிவிட்டார். கேட்கும் கருவி. நாளை வரை போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமாம். மகள் அதன் மேல் முடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். கருவி இருப்பதே தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் பாதிப் பெஞ்சுக்குத்தான் இருந்தது. டெய்லரம்மா பழக்க தோஷத்தில் மறுபடி இடப்பக்கமே உட்கார்ந்தாள்.

மகள் அசையாமல் இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அம்மா, உன் மூச்சு கேக்குது."

டெய்லரம்மா சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் கொட்டி வைத்த இடத்துக்கு யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். இனி எங்கே போய்ப் பேசுவது?

"யாரும்மா அடிச்சது?"

பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் மகள் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. டிக்கெட் ஜன்னலில் எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தக் குரலுக்கு முன் பொய் நிற்கவில்லை.

"உங்கப்பாதான்."

மகள் தலையாட்டினாள். மேலே சொல் என்கிற தலையாட்டல்.

"முகாம்ல இருந்து வந்தப்ப அவர் பழைய ஆளே இல்லடி. கதவு சாத்தினா கட்டிலுக்கு அடியில போயிடுவார். ஒரு நாள் நீ ஒரு தட்டை வச்சு விளையாடிக்கிட்டிருந்தே. அது கை தவறி அவர் பின்னாடி விழுந்துச்சு. திரும்பின வேகத்துல ஒரே அறை. நீ சுவர் ஓரமா போய் விழுந்தே. காதுல ரத்தம்."

"அப்பா என்ன பண்ணார்?"

"வெளிய போயிட்டார்."

"நீ?"

இதற்குத்தான் டெய்லரம்மா பயந்தாள். "பஞ்சு வச்சேன்."

"டாக்டர்?"

"கேப்பாங்களேன்னு போகல. அவர் சொல்லாம ஓடி வந்த ஆளு, தேடிக்கிட்டிருந்தாங்க. யார் அடிச்சதுன்னு ஒரு வார்த்தை வெளிய போனா வீட்டு வாசல்ல ஜீப் வந்து நிக்கும். உன் காதா, அவரான்னு..." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அவரைத்தான் பாத்தேன். உன்னைப் பாக்கல."

ஒரு பஸ் வந்து நின்று போனது. அது அவர்கள் போக வேண்டிய பஸ்தான். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பஸ் நிலையத்தில் வேலை பார்க்கிறவள் தன் பஸ்ஸை விட்டது அன்றுதான் முதல் முறையாக இருக்கும்.

"பரவாயில்ல" என்றாள் மகள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் டெய்லரம்மா தாங்கியிருப்பாள். அந்தப் பரவாயில்லை செருப்படியாக விழுந்தது.

"காய்ச்சல் இருந்துச்சில்லம்மா?" மகள் இப்போது முழுதாகத் திரும்பினாள். "காது வேற, அது வேற. ஆனா காய்ச்சல் இருந்துச்சில்ல? அதுக்காகத்தானே அப்பா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தார்?"

மகள் எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் நின்றாள் என்பது டெய்லரம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செவிடு என்று கூப்பிட்டபோது அவள் அழவில்லை, எங்கப்பா எனக்காக மெடலை விட்டுட்டு வந்தவர் என்று சொன்னாள். பெண் பார்த்தவர்கள் போனபோதும் அதையே சொன்னாள். டிக்கெட் அறையில் கூட வேலை பார்ப்பவர்களிடம் இன்றைக்கும் சொல்வாள். பதக்கத்துக்காக அவள் அலைந்ததே அந்தக் கடனைத் தீர்க்கத்தான். என்னால் இழந்ததை நானே வாங்கிக் கொடுப்பேன் என்று கிளம்பியவள் அவள்.

டெய்லரம்மாவின் கண்முன் அந்தத் தபால் ஆபீஸ் வந்து நின்றது. லீவில் ஊருக்கு வந்த ஒரு சிநேகிதன் மூலம் புருஷன் சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை சாகக் கிடக்கிறது என்று தந்தி கொடு, இல்லாவிட்டால் நான் உயிரோடு வர மாட்டேன். பட்டாளத்தில் அப்போது எல்லாரும் செய்கிற வேலைதான் அது. எல்லாரும் செய்ததால்தான் எந்தத் தந்தியையும் அதிகாரிகள் நம்பவில்லை, லீவு மறுத்தார்கள், இவர் சொல்லாமல் கிளம்பினார். தந்தி கொடுத்த அன்று இடுப்பில் குழந்தை இருந்தது. கொழுக்மொழுக்கென்று, தபால் ஆபீஸ்காரர் மேசையில் தொங்கிய பேனாக் கயிற்றைக் கடித்துக்கொண்டு. அவர் தாளைப் படித்தார், குழந்தையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். நல்ல குழந்தையைச் சாகக் கிடக்கிறது என்று எழுதிய பாவம் பலித்துவிடுமோ என்று அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. காதில் ரத்தம் வந்தபோது, பலித்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"சொல்லும்மா. காய்ச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் டெய்லரம்மா. "நெருப்பா கொதிச்சுது."

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "அது போதும்."

வீட்டுக்குள் நுழையும்போதே பட்டாளத்தார் எழுந்து நின்றார். "எழுதிக் கொடுத்தாங்களா?"

மகள் மேசையில் சான்றை வைத்தாள். உட்கார்ந்தாள். அவளுக்கு இடப்பக்கம் ஓர் எட்டில் தையல் மெஷின். டெய்லரம்மா நேரே அங்கே போய் உட்கார்ந்து, பாதி தைத்த ஒரு சட்டைக் கையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பதுங்க வேறு இடம் தெரியாது.

"காய்ச்சல்னு எழுத மாட்டாங்களாம்பா. அடிபட்ட காதுன்னு எழுதியிருக்காங்க."

பட்டாளத்தாரின் வலது கை தானாகப் போய்த் தொடைக்கு அடியில் புகுந்துகொண்டது. "எங்கயாவது விழுந்திருப்பே."

"அம்மா சொல்லிட்டாங்க."

அவர் மெஷின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எதிரியைக்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"ஏங்க, டாக்டர் இவளுக்கு ஒரு..." என்று ஆரம்பித்தாள் டெய்லரம்மா.

"நீ வாயைத் திறக்காதே. திறந்த வரைக்கும் போதும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியிருக்கக் கூடாது. ஆனால் நாற்பது வருஷப் பழக்கம் ஒரு பகலில் போய்விடுமா?

மகள் பொறுமையாகப் பேசினாள். வரிசையில் நிற்கிற கோபக்கார ஆளுக்கு விளக்குகிற அதே குரல். "அப்பா, இந்தச் சான்று நமக்கு நல்லதுதான். நீங்க அப்ப நோயாளி. சண்டையில வந்த நோய். அதுக்கு என் காதே சாட்சி. எனக்குக் காய்ச்சல், உங்களுக்கு மனசு சரியில்ல. அந்த நிலைமையிலயும் பிள்ளையைப் பாக்க ஓடி வந்தவர்னு நான் எழுதறேன். அவங்க மறுக்க முடியாது. கீழ நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"என்னைப் பைத்தியம்னு எழுதப் போறியா?"

"நோயாளின்னு எழுதப் போறேன்."

"பெத்த பிள்ளையோட காதைக் கிழிச்சவன்னு அங்க இருக்கிற ஒவ்வொருத்தனும் படிக்கணுமா? அந்த மீசை முளைக்காதவன் படிக்கணுமா?"

"உண்மைதானேப்பா?"

அவர் அறையின் நடுவில் நின்று சுவரைப் பார்த்தார். அவர் எதை நிறுத்துப் பார்க்கிறார் என்பது டெய்லரம்மாவுக்குப் புரிந்தது. ஒரு தட்டில் மானம், இன்னொரு தட்டில் பதக்கம். மகளின் காது எந்தத் தட்டிலும் இல்லை. ஒரு வார்த்தை, வலிச்சுதா பாப்பா என்று ஒரே ஒரு வார்த்தை அவர் கேட்டுவிடுவாரோ என்று அவள் காத்திருந்தாள். மகளும் அதற்குத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். பேனா மூடியைக் கழற்றாமல் கையில் வைத்திருந்தாள்.

"சரி, எழுது" என்றார் அவர். "நல்லா எழுது. காய்ச்சலை முதல்ல எழுது. அடியைக் கடைசியில எழுது."

அவ்வளவுதான்.

மகள் மூடியைக் கழற்றினாள். குனிந்து எழுத ஆரம்பித்தாள். டெய்லரம்மா மெஷினை மிதித்தாள். தைப்பதற்காக அல்ல, ஏதாவது ஒரு சத்தம் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதற்காக. நூல் சிக்கியது, அவள் விடவில்லை.

பட்டாளத்தார் மெஷினுக்கு அருகே வந்தார். மகளுக்கும் மனைவிக்கும் நடுவில், சரியாக மகளின் இடப்பக்கத்தில், வழக்கமான இடத்தில் நின்றார். மனைவியின் காதருகே குனிந்தார்.

டெய்லரம்மா தலையை ஆட்டினாள். வேண்டாம். கண்ணால் மகளின் முடியைக் காட்டினாள். அவருக்கு அது புரியவில்லை. பதறிப்போய்க் காலை எடுத்தாள். மெஷின் நின்றது. அவள் செய்த காரியங்களிலேயே மகா முட்டாள்தனம் அதுதான்.

அமைதியில் அவருடைய கிசுகிசுப்பு மட்டும் இருந்தது. நேற்று வரை அந்தக் குரல் மகளை எட்டியிருக்காது.

"இதோட நிறுத்திக்க, என்ன? தந்தி கொடுக்கச் சொன்னதே நான்தான்னு உளறி வச்சிடாதே. பிள்ளை கல்லு மாதிரி இருந்துச்சுன்னு தெரிஞ்சா அவ ஒரு வரி எழுத மாட்டா."

பேனா நின்றது.

தாளில் முதல் வரி பாதிக்கு மேல் வந்திருந்தது. எனக்குக் கடும் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு என் தந்தை, என்பது வரை எழுதியிருந்தாள். அடுத்த வார்த்தைக்கு வைத்த புள்ளியில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

மகள் நிமிரவில்லை. இடது கையைத் தூக்கி, காதின் மேல் கிடந்த முடியை மெதுவாக ஒதுக்கினாள். கருவியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டாளத்தார் அதைப் பார்த்தார். அது என்னவென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா" என்றாள் பாப்பா. "இந்தக் காதுக்கு இன்னைக்குத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கு."